கொய்லுக்குப் பிறகு யார்? சென்னையின் அணியின் வெற்றுக் கதிரையை மண்கும்பானிலிருந்து பார்த்தல்

"அண்ணே, கொய்லுக்கு அப்புறம் கோச் யாரு?"

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி பின்னேரம், மண்கும்பானில் வீதிக்கரைக் கடையொன்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொடியன் என்னிடம் கேட்டான். அன்று பகல்தான் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். கடையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். காணி விலை ஏறுமா, பண்ணை வீதியை அகலிப்பார்களா, வேலை யாருக்குக் கிடைக்கும் என்று. இவனுக்கு மட்டும் கடலுக்கு அப்பால் சென்னையில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடப்பதுதான் கவலை.

அவன் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவன். பெற்றோருடன் ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பேச்சில் ராமநாதபுரம் இன்னும் இருக்கிறது. மனதில் சென்னையின் எஃப்.சி. இருக்கிறது. நீல நிறச் சட்டை, கழுத்துப்பட்டியில் சாயம் போயிருக்கிறது. மண்கும்பானில் அந்த அணிக்கு எத்தனை இரசிகர்கள் என்று கேட்டால் என்னால் ஒரு கையில் எண்ணிவிட முடியும். ஆனால் அவன் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அல்ல என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அதற்கு விடை தேடப் போனால் தெற்காசியாவில் உதைபந்தாட்டம் யாருடைய கையில் இருக்கிறது, ஒரு ஆள் போனால் அவர் கட்டியதும் ஏன் கூடவே போகிறது என்ற இடத்துக்குப் போய் நிற்கிறோம். அந்த இடம் எங்களுக்கு மிகவும் பழக்கமானது.

நடந்தது என்ன

ஓவன் கொய்ல் 2025 ஜூலையில் சென்னையின் அணியை விட்டுப் பிரிந்தார். ஸ்கொட்லாந்தில் பிறந்த அவர், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் பேர்ன்லி, போல்ரன் அணிகளைப் பயிற்றுவித்தவர். சென்னைக்கு அவர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை 2019 டிசம்பரில். அட்டவணையின் அடியில் திணறிக்கொண்டிருந்த அணியைத் தூக்கி இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச்சில் கொரோனாவால் இரசிகர்களே இல்லாத மைதானத்தில் நடந்த அந்தப் போட்டியில் ஏ.ரி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றார்கள். பிறகு ஜம்ஷெட்பூருக்குப் போய் 2021-22 பருவத்தில் லீக் கேடயத்தை வென்றார். 2023இல் மீண்டும் சென்னைக்கு வந்தார். முதற்பருவத்தில் ஆறாம் இடம், பிளே-ஓஃப் வாய்ப்பு. இரண்டாவது பருவத்தில் 13 அணிகளில் 11ஆவது இடம். அதோடு கதை முடிந்தது.

சாதாரணமாக இந்த இடத்தில் ஒரு பெயர்ப்பட்டியல் வெளியாகும். முகவர்கள் தொலைபேசி எடுப்பார்கள். பத்திரிகைகளில் ஊகங்கள் வரும். இந்தத் தடவை அப்படி நடக்கவில்லை. ஏனென்றால் கதிரை மட்டுமல்ல, அது வைக்கப்பட்டிருந்த வீடே ஆடிக்கொண்டிருந்தது.

இந்தியன் சூப்பர் லீக்கை அப்போது நடத்திய நிறுவனம், ரிலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. ஜூலை 11ஆம் திகதி அது கழகங்களுக்கும் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் அறிவித்தது: அடுத்த பருவத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம். காரணம் ஓர் ஒப்பந்தம். 2010இல் சம்மேளனத்துடன் 15 வருடங்களுக்குச் செய்த உரிம உடன்படிக்கை 2025 டிசம்பர் 8ஆம் திகதியோடு முடிய இருந்தது. அந்த உடன்படிக்கையின் கீழ் சம்மேளனத்துக்கு வருடம் 50 கோடி இந்திய ரூபாய் வந்துகொண்டிருந்தது. புதியதைக் கையெழுத்திட முடியவில்லை. சம்மேளனத்தின் யாப்பு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. பருவம் தொடங்கி மூன்று மாதத்தில் உரிமை முடிந்துவிடுமென்றால் எந்த நிறுவனம் காசு போடும்?

அடுத்து நடந்தது வரிசையாக விழுந்த கட்டைகள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு கழகம் முதலணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. அதே வாரம் சென்னையின் கழகமும் தன் செயற்பாடுகளை இடைநிறுத்தியது. டுராண்ட் கிண்ணத்தில் சென்னையின் ஆடவில்லை. செப்ரெம்பர் 2ஆம் திகதி, வணிகப் பங்காளியை வெளிப்படையான கேள்விமனு மூலம் தெரிவுசெய்ய உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. பருவத்தைச் சூப்பர் கிண்ணத்தோடு தொடங்கலாம் என்ற பேச்சு அப்போது இருந்தது. மூச்சு வந்திருந்தது. ஆனால் அப்போது எழுந்து நடக்கவில்லை.

ஆகவே பொடியனின் கேள்விக்கு முதல் விடை: எந்தப் பயிற்றுவிப்பாளர் என்பதைத் தீர்மானிக்கப்போவது பந்து அல்ல, பணம் எப்போது வரும் என்ற திகதி.

அந்தக் கதிரையில் இதுவரை இருந்தவர்கள்

சென்னையின் கழகம் 2014இல் தொடங்கியது. விதா தானி, அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி ஆகியோர் உரிமையாளர்கள். முதல் பயிற்றுவிப்பாளர் மார்கோ மட்டராசி. 2006 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் சிடான் தலையால் முட்டியது இவரைத்தான் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். 2015இல் அவருடைய அணி சம்பியனானது. அந்த வருட வெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடக்க, அரையிறுதியின் சொந்த மைதானப் போட்டியைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. அதை வென்று, இறுதியில் கோவாவில் வைத்தே கோவாவை 3-2 என்று வீழ்த்தினார்கள். சொந்த ஊரில் ஆட முடியாமல் வேறிடத்தில் ஆடி வென்ற அணியை எங்கட சனத்துக்குப் பிடிக்காமல் போகுமா?

பிறகு இங்கிலாந்தின் ஜோன் கிரெகரி. 2018 மார்ச்சில் பெங்களூரில் வைத்துப் பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாவது கிண்ணம். அடுத்த பருவத்தில் அதே கிரெகரியின் கீழ் அணி கடைசி இடம். பிறகு கொய்ல். பிறகு ஹங்கேரியின் சாபா லாஸ்லோ, மொண்டெநீக்ரோவின் போசிதார் பந்தோவிச், ஜெர்மனியின் தோமஸ் பிரதாரிச். இந்த மூவரும் ஆளுக்கொரு பருவம். மூன்று பருவத்திலும் அணி எட்டாவது இடம். பிறகு மறுபடியும் கொய்ல்.

11 வருடத்தில் ஆறு பேர், ஏழு நியமனங்கள். அதுவரை நிரந்தர நியமனம் பெற்றவர்களில் இந்தியர் ஒருவர்கூட இருக்கவில்லை. தமிழ்நாட்டில் வளர்ந்து, இந்திய அணிக்கு ஆடிய சையத் சபீர் பாஷா நெடுங்காலம் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தவர். 2022 பெப்ரவரியில் பந்தோவிச் விலக்கப்பட்டபோது மிச்சப் போட்டிகளுக்கு அவரை நிறுத்தினார்கள். பருவம் முடிந்ததும் பிரதாரிச் வந்தார்.

இது சென்னையின் தனிக் குறை அல்ல. லீக் தொடங்கியபோது பெரிய வெளிநாட்டுப் பெயர்கள் தேவைப்பட்டன. மட்டராசியின் பெயர் இல்லாவிட்டால் 2014இல் பலர் தொலைக்காட்சியைப் போட்டிருக்கவே மாட்டார்கள். வந்தவர்களில் நல்ல பயிற்றுவிப்பாளர்கள் இருந்தார்கள் என்பதையும் இரண்டு கிண்ணங்கள் சொல்கின்றன. பிரச்சினை வேறு. ஒவ்வொருவரும் தன் உதவியாளர்களோடும் தன் வெளிநாட்டு வீரர் பட்டியலோடும் தன் ஆட்டமுறையோடும் வந்தார். போகும்போது எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். அடுத்தவர் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். மூன்று எட்டாம் இடங்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

யார் யார் வரலாம்

இப்போது பெயர்களுக்கு வருவோம். என் கணக்கில் அப்போது மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, இன்னொரு வெளிநாட்டவர். இதற்கு லீக் நடக்கும் என்ற உறுதி வேண்டும். ஐரோப்பாவில் பருவம் ஆரம்பித்துவிட்டிருந்தது. நல்லவர்கள் வேலையில் இருந்தார்கள். வேலையில்லாமல் இருப்பவரும், சம்பளம் நிறுத்தப்பட்ட ஒரு கழகத்துக்குத் தன் இரண்டு மூன்று உதவியாளர்களைக் கூட்டிக்கொண்டு வருவாரா? வந்தால் ஒப்பந்தத்தில் கூடுதல் பாதுகாப்புக் கேட்பார். கழகத்துக்கு அது சுமை. எனவே இந்த வழி அப்போது பாதி அடைபட்டிருந்தது.

இரண்டாவது, கழகத்தின் உள்ளிருந்தே ஒருவர். சபீர் பாஷாவுக்கு 2022இல் கொடுத்ததுபோல இடைக்காலப் பொறுப்பு. செலவு குறைவு, பொடியளைத் தெரியும், மொழி தெரியும். ஆனால் "இடைக்காலம்" என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. அவர் வென்றால் அது அதிர்ஷ்டம், தோற்றால் அது அவருடைய தகுதியின்மை. வீரர்களுக்கும் தெரியும், இந்த ஆள் இன்னும் மூன்று மாதம்தான் என்று.

மூன்றாவது, லீக்கை அறிந்த, உரிமம் உள்ள ஓர் இந்தியப் பயிற்றுவிப்பாளரை முழுப் பொறுப்போடு நியமிப்பது. இந்த இடத்தில் எனக்கு முதலில் தோன்றும் பெயர் கிளிஃபர்ட் மிராண்டா. கோவாக்காரர், இந்திய அணியின் முன்னாள் மத்தியகள வீரர். 2020இன் தொடக்கத்தில் கோவா கழகம் சேர்ஜியோ லொபேராவை நீக்கியபோது மிச்சப் போட்டிகளை இவர்தான் கவனித்தார். கோவா லீக் கேடயத்தை வென்று, ஆசிய சம்பியன்ஸ் லீக் குழுநிலைக்குப் போன முதல் இந்தியக் கழகமானது. 2023இல் ஒடிசாவில் மீண்டும் ஓர் இடைக்காலப் பொறுப்பு. கோழிக்கோட்டில் பெங்களூரை 2-1 என்று வீழ்த்தி ஒடிசாவுக்குச் சூப்பர் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். அதை வென்ற முதல் இந்தியப் பயிற்றுவிப்பாளர் அவர். இரண்டு தடவையும் நெருப்பு பிடித்த வீட்டுக்குள் அனுப்பப்பட்டார், இரண்டு தடவையும் பொருளோடு வெளியே வந்தார். அதற்குப் பிறகும் 2025 செப்ரெம்பர் வரை ஒரு சூப்பர் லீக் கழகம் முழுப் பருவத்துக்கு இவரிடம் அணியைக் கொடுக்கவில்லை.

சூப்பர் கிண்ணம்போன்ற குறுகிய போட்டித்தொடருக்குக் கொஞ்ச நாள் அவகாசத்தில் ஓர் அணியைத் தயார்படுத்த வேண்டும் என்றால் இந்த அனுபவம்தான் வேண்டும். ஆகவே அப்போதைய என் கணிப்பு: இந்தியர் ஒருவர் வருவார், அது மிராண்டாவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

தமிழர் ஒருவர் வரக்கூடாதா என்று பொடியன் கேட்டான். வரலாம். தமிழ்நாட்டில் பயிற்றுவிப்பாளர்கள் இல்லாமல் இல்லை. முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயன் இன்றும் பயிற்றுவிப்புத் துறையில் இருப்பவர். ஆனால் மேல்மட்டத்துக்கு ஆசியக் கூட்டமைப்பின் 'ப்ரோ' உரிமம் வேண்டும். அந்த உரிமத்தை எடுக்க வருடங்கள் ஆகும், காசு ஆகும், அதைவிட முக்கியமாக ஒரு கழகத்தில் தொடர்ந்து வேலை வேண்டும். ஏணியின் நடுப்படிகள் இல்லாமல் மேற்படிக்குத் தாவ முடியாது. தமிழ்நாட்டில் அந்த நடுப்படியாக இருந்த சென்னை சிற்றி கழகம் 2018-19இல் ஐ-லீக் சம்பியன். பயிற்றுவித்தவர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ், சொந்த மைதானம் கோயம்புத்தூர். இன்று அந்தக் கழகம் தேசிய லீக்குகளில் இல்லை. அந்த அணியில் ஆடிய கன்னியாகுமரிக் கரையோரத்து மைக்கல் சூசைராஜும் சென்னையின் நந்தகுமார் சேகரும் வேறு மாநிலக் கழகங்களுக்குப் போய்ப் பெயரெடுத்தார்கள். வீரர்களுக்கு வெளியே போகும் வழி இருந்தது. பயிற்றுவிப்பாளர்களுக்கு அது அவ்வளவு சுலபமல்ல.

காலித் ஜமீல் திறந்த கதவு

மூன்றாவது வழி 2024இல் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதக்கூடியதாக இருக்கவில்லை. மாற்றியவர் காலித் ஜமீல்.

இந்தியத் தேசிய அணியின் கதையைப் பாருங்கள். 2024 மார்ச்சில் குவாகாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்ற சில மாதங்களுள் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கேஸ் வந்தார். கோவா கழகத்தையும் இந்திய அணியையும் ஒரே நேரத்தில் பார்த்தார். எட்டுப் போட்டிகளில் ஒரேயொரு வெற்றி. 2025 ஜூலையில் அவரும் போனார். அந்தப் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. ஸ்பெயினின் சாவி விண்ணப்பித்திருக்கிறார் என்று செய்தி பரவி, பிறகு அது போலி மின்னஞ்சல் என்று சம்மேளனமே சொன்ன கூத்தும் நடந்தது. கடைசியில் மூன்று பேர்: ஸ்டீபன் கொன்ஸ்ரன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச், காலித் ஜமீல். ஆகஸ்ட் 1ஆம் திகதி ஜமீல் தெரிவானார். 13 வருடங்களுக்குப் பிறகு இந்திய அணிக்கு ஓர் இந்தியர்.

ஜமீல் குவைத்தில் பிறந்தவர். 2016-17இல் மிசோரத்தின் ஐசோல் என்ற சின்னக் கழகத்தை ஐ-லீக் சம்பியனாக்கினார். முந்தைய பருவத்தில் தரமிறக்கப்பட்டு, பிறகு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்ட கழகம் அது. பிறகு நோர்த்ஈஸ்ட் யுனைட்டெட், ஜம்ஷெட்பூர். ஒவ்வொரு படியாக ஏறியவர். தேசிய அணியோடு முதல் வேலையாக மத்திய ஆசியாவின் நேஷன்ஸ் கிண்ணத்துக்குப் போனார். தஜிகிஸ்தானை அவர்களுடைய மண்ணில் 2-1 என்று வென்றார்கள். ஈரானிடம் தோல்வி. ஆப்கானிஸ்தானுடன் சமநிலை. செப்ரெம்பர் 8ஆம் திகதி மூன்றாம் இடத்துக்கான போட்டியில் ஓமானை சமநிலை தவிர்ப்பு உதையில் வீழ்த்தினார்கள்.

ஒரு மாத வெற்றியை வைத்து மாலை போட வேண்டாம். அடுத்த தோல்வியில் இதே ஆட்கள் வெளிநாட்டவரைக் கேட்பார்கள். ஆனால் கழக உரிமையாளர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: உள்ளூர் ஆளிடம் கொடுத்தால் வானம் இடிந்து விழவில்லை, செலவும் குறைவு.

இங்கே நான் எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறேன். காசு இல்லாத நேரத்தில் மட்டும் உள்ளூர் ஆளைத் தேடுவது மரியாதை அல்ல. மிராண்டாவோ வேறொரு இந்தியரோ வந்தால் நாம் பார்க்க வேண்டியது அவருடைய கடவுச்சீட்டின் நிறத்தை அல்ல, ஒப்பந்தத்தின் காலத்தை. மூன்று மாதமா, மூன்று வருடமா?

ஆளா, அமைப்பா

இங்கிலாந்துக் கழகங்களைப் பார்க்கிற எங்கள் பொடியளுக்கு இந்த விடயம் உடனே பிடிபடும். 2013இல் அலெக்ஸ் பேர்குசன் மான்செஸ்டர் யுனைட்டெட்டை விட்டுப் போகும்போது டேவிட் மொயஸை அவரே கைகாட்டினார். ஆறு வருட ஒப்பந்தம். பத்து மாதத்தில் மொயஸ் வீட்டுக்குப் போனார். 2024 ஜனவரியில் யூர்கன் குளொப் தான் பருவ முடிவில் லிவர்பூலை விட்டுப் போவதாக அறிவித்தார். கழகத்துக்கு நான்கைந்து மாதம் கிடைத்தது. வீரர் தெரிவையும் தரவுகளையும் பார்க்கும் ஆட்கள் தனியாக இருந்தார்கள். நெதர்லாந்திலிருந்து ஆர்னே ஸ்லொட் வந்தார், பெரிய அளவில் வீரர்களை மாற்றாமல் முதற்பருவத்திலேயே லீக்கை வென்றார். யுனைட்டெட்டில் எல்லாம் ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. லிவர்பூலில் கொஞ்சமாவது கடதாசியில் இருந்தது.

இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

1991இல் தீவகத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. சமாதான காலத்தில், 2003இல், பதின்மூன்று வயதில் மண்கும்பானுக்குத் திரும்பினேன். அப்போது எங்களுக்குப் பந்து பழக்க ஒருவர் இருந்தார். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். படிப்பிக்கிற மாஸ்டர் அல்ல, கடலுக்குப் போகிறவர். காலையில் வலை, பின்னேரம் நாங்கள். மண்கும்பான் மணலில் பந்து துள்ளாது, கால் புதையும். அந்த மணலில் ஓடப் பழகியவன் புல்தரையில் பறப்பான் என்பார். யாருக்கு இடது கால் நல்லம், யார் அடி விழுந்தால் பயப்படுவான், யாருடைய வீட்டில் அன்று சமைக்கவில்லை என்பது எல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவருக்குக் கீழே ஒருவரைப் பழக்கவும் இல்லை. நேரம் இருக்கிறது என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியில் குழந்தைகள் உட்படக் குடும்பங்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஆகஸ்டில் சண்டை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. அணியில் பாதிப்பேர் யாழ்ப்பாணம், சிலர் வன்னி. மாஸ்டர் குடும்பத்தோடு படகில் இந்தியாவுக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் அணி கூடவே இல்லை. நாங்கள் ஊருக்கு மறுபடி வந்தபோது பந்து இருந்தது, மணல் இருந்தது, பொடியளும் கொஞ்சப்பேர் இருந்தார்கள். என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. ஓர் ஆள் போனதால் அணி அழியவில்லை. அவர் மட்டுமே அணியாக இருந்ததால் அழிந்தது. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் யாரிடம் போய் நாளைக்கு ஒரு திட்டம் வை என்று கேட்பது?

ஆனால் இது போர்க்காலம் அல்ல. "அவருக்குப் பிறகு யார்" என்ற கேள்வியை எங்கள் சமூகம் இன்னும் கடைசி நிமிடத்தில்தான் கேட்கிறது. கோவில் நிர்வாகம், சனசமூக நிலையம், விளையாட்டுக் கழகம் எங்கும் அதே கதை. தமிழரசுக் கட்சி 2024 ஜனவரியில் தலைவரை வாக்கெடுப்பில் தெரிவு செய்ததும் விடயம் நீதிமன்றப் படியேறியதையும் கண்டோம். ஆள் மாறும்போது எது மாறாமல் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காத எந்த அமைப்புக்கும் இதுதான் நடக்கும்.

இலங்கையில் எங்கள் பங்கு

இலங்கை அணியின் கதையும் சென்னையின் கதைக்குத் தூரத்தில் இல்லை. பக்கீர் அலி, பொஸ்னியாவின் அமிர் அலஜிக், ஸ்கொட்லாந்தின் அன்டி மொரிசன், பிறகு குவைத்தின் அப்துல்லா அல் முத்தைரி. இடையில் 2023 ஜனவரி 21 முதல் ஆகஸ்ட் 27 வரை ஃபிஃபா இலங்கையைத் தடைசெய்து வைத்திருந்தது. சம்மேளன நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்பதே காரணம். அல் முத்தைரி வந்த பிறகு முன்னேற்றம் இருக்கிறது, மறுக்க முடியாது. 2024 செப்ரெம்பரில் கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாணின் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். 2025 ஜூனில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றார்கள். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை அழைத்து வந்தது இதற்குப் பெரிய காரணம். சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்ற தமிழ்ப் பெயர்களும் அந்த அணியில் இருப்பது புலம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கு மகிழ்ச்சி.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? 2021இல் இலங்கையின் முதல் தொழில்சார் லீக் என்று சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் இருந்தன. வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றும் இல்லை. அந்த லீக்கும் தொடரவில்லை. தொழிலாக ஆட விரும்புகிறவன் கடல் தாண்ட வேண்டும். மன்னாரைச் சேர்ந்த தேசிய அணி வீரர் டக்சன் பியூஸ்லஸ் அப்படித்தான் மாலைதீவுக் கழகத்துக்குப் போனார். 2022இல் அவருடைய உடல்தான் திரும்பி வந்தது. வீரருக்கே இந்த நிலை என்றால் வடக்கில் பயிற்றுவிப்பாளராக வாழ நினைப்பவருக்கு என்ன இருக்கிறது? பாடசாலையில் ஒரு தொகை, கழகத்தில் ஒரு சால்வை, புகைப்படத்தில் ஓர் ஓரம்.

மண்டைதீவில் மைதானம் வருவதை நான் எதிர்க்கவில்லை. வரட்டும். துரையப்பா மைதானத்தை இந்திய உதவியோடு புதுப்பித்து 2016இல் திறந்தபோதும் மகிழ்ந்தோம். ஆனால் மைதானம் ஆட்டக்காரனை உருவாக்காது. பின்னேரம் மூன்று மணிக்கு விசிலோடு வந்து நிற்கிற ஓர் ஆள்தான் உருவாக்குவார். அந்த ஆளுக்கு மாதச் சம்பளம், உரிமம், கீழே ஓர் உதவியாளர், எழுதி வைத்த ஒரு கொப்பி. இவற்றுக்குக் கொங்கிறீற்றுக்கு ஆகும் செலவில் ஒரு துளிதான் ஆகும். வெளிநாட்டிலிருந்து ஊர்க் கழகங்களுக்குக் காசு அனுப்பும் உறவுகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வெற்றிக்கிண்ணமும் சீருடையும் கொடுத்தது போதும். இரண்டு பொடியளைப் பயிற்றுவிப்பாளர் பாடநெறிக்கு அனுப்புங்கள். ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார்.

கடைசியில்

இரண்டு நாளைக்கு முன்னர் அதே கடையில் அவனைக் கண்டேன். என் கணக்கைச் சொன்னேன். இந்தியர் ஒருவர், அநேகமாக மிராண்டா. பணம் வருவது உறுதியானால் சில வாரங்களில் அறிவிப்பு வரலாம். பிழைத்தால் என்னைப் பிடித்துப் பேசு என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். மிராண்டாவின் சூப்பர் கிண்ணத்தைப் பற்றி ஏதோ கேட்பான் என்று நினைத்தேன்.

"அண்ணே, நீங்க சொன்னீங்களே அந்த உரிமம். அதுல முதல் படி எடுக்க எவ்வளவு ஆகும்?"

கடைக்கு எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம் மணலில், பத்துப் பன்னிரண்டு சின்னப் பொடியள் செருப்பைக் கோல்கம்பமாக வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாகப் பின்னேரங்களில் இவன்தான் அவர்களைப் பிடித்து ஓடவிடுகிறானாம். கடைக்காரர்தான் சொன்னார். விசாரித்துச் சொல்கிறேன் என்று அவனுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது இன்னொன்றும் சொன்னேன்: இன்றைக்கு என்ன பழக்கினாய் என்று ஒரு கொப்பியில் எழுதி வை.